கண்ணாடி வீடும் ஐஸ் வீடும்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில், இரண்டு பக்கமும் உப்பளம் விரிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பது என் வழக்கம். வெயில் சாயும்போது பாத்திகள் ஈயத் தகடாகிவிடும். அப்பால் பக்கிங்ஹாம் கால்வாய். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-ல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அந்தப் பஞ்சத்தில் அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஜெயமோகனின் 'வெள்ளை யானை'யை இரண்டாம் முறை படித்த பிறகு இந்தக் கால்வாய் எனக்கு வெறும் தண்ணீராகத் தெரிவதில்லை.

அந்த நாவலின் கண் ஒரு போலீஸ்காரனுடையது. அயர்லாந்தில் பிறந்து, ஷெல்லியைப் படித்து, சென்னையில் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு வேலை பார்க்கும் ஏய்டன். திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸில், பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டிகளை உடைக்கும் தலித் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அதை விசாரிக்கப் போனவன், செங்கல்பட்டுச் சாலையில் பிணங்களைப் பார்த்து நிலைகுலைகிறான். வெளியே கஞ்சிக்குச் சாகும் ஊர், உள்ளே துரைமார் பானத்துக்கான பனிப்பாறை. இந்த ஒரு முரணை வைத்தே நாவலை நிறுத்திவிட்டார் ஆசிரியர். வசனங்கள் சில இடங்களில் சொற்பொழிவாக நீள்கின்றன, அதை மறைப்பானேன். ஆனால் அந்தச் செங்கல்பட்டுப் பயணத்தில் பேச்சு அடங்கிப் பார்வை மட்டும் எஞ்சுகிறது. அந்தப் பக்கங்களை நான் ஒரே மூச்சில் படித்ததில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் சாயலில் படைக்கப்பட்ட காத்தவராயன் விழித்தவனாகவே கதைக்குள் வருகிறான். கேள்விகளும் விடைகளும் அவனிடம் ஏற்கெனவே இருக்கின்றன. உறக்கம் கலைவது வெள்ளைக்காரனுக்குத்தான். பின்னாளில், 1907-ல், ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தப்போகிற அந்தப் பண்டிதர் எப்படிப் பத்திரிகைக்காரர் ஆனார் என்பதைச் சொல்லும் நாவல் இன்னும் எழுதப்படவில்லை.

அப்படியொன்று வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். இந்தோனேசியாவின் பிரமூத்யா அனந்த தூர் புரூ தீவுச் சிறையில், எழுத அனுமதி கிடைக்கும் முன்பே, சக கைதிகளுக்கு வாயால் சொன்ன கதை 'புமி மனுசியா', மனிதர்களின் பூமி. 1980-ல் அச்சாகி மறு வருடமே தடை செய்யப்பட்டது. திர்தோ ஆதி சூர்யோ என்ற முன்னோடிப் பத்திரிகையாளரின் வாழ்வைத் தழுவி நான்கு பாகங்கள். டச்சுப் பள்ளியில் படிக்கும் ஜாவானியப் பையன் மிங்கே. டச்சில் எழுதிப் பேர் வாங்குகிறான். அவனை மாவட்ட அதிகாரி அழைக்கிறார். ஐரோப்பியப் படிப்பெல்லாம் படித்தவன், குலமுறைப்படி தரையில் தவழ்ந்து போகிறான், உள்ளுக்குள் அந்தச் சம்பிரதாயத்தையே சபித்துக்கொண்டு. தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிரே உட்கார்ந்திருப்பது அப்பா. விழிப்பு என்றால் என்ன என்பதை இதைவிடக் குறைந்த செலவில் சொன்ன காட்சியை நான் படித்ததில்லை. வெள்ளைக்காரன் ஒருவன்கூட அந்த அறையில் இல்லை, கவனியுங்கள்.

இரண்டாம் பாகத்தில் நண்பர்கள் அவனை மலாயில் எழுதச் சொல்கிறார்கள். அவனுக்குக் கோபம் வருகிறது. கரும்பாலைக்காரர்களிடம் நிலத்தைப் பறிகொடுத்த குடியானவனின் கதையை எழுதிக் கொடுத்து, பத்திரிகை ஆசிரியர் அதைத் தள்ளிவிட்ட பிறகுதான் எந்தப் பேனாவில் யாருடைய மை இருக்கிறது என்பது புரிகிறது.

கடைசிப் பாகம் 'கண்ணாடி வீடு'. அதில்தான் பிரமூத்யா துணிகிறார். கதை சொல்லும் உரிமையை மிங்கேயிடமிருந்து பிடுங்கி, அவனை வேவு பார்க்கும் பங்கெமனன் என்ற உள்நாட்டுப் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்துவிடுகிறார். நாம் வாசித்த முந்தைய பாகங்களின் கைப்பிரதியே அவன் கையில் சிக்குகிறது. மதிக்கிறவனே அழிக்கிறான். சென்னையின் ஏய்டனும் பத்தாவியாவின் பங்கெமனனும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காருகிறவர்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் பக்கத்தில் மிங்கே இல்லாமல் போகவில்லை. மதுராந்தகத்துப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அயோத்திதாசருக்கு மைத்துனர், நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனிகளில் கணக்கராக இருந்துவிட்டுச் சென்னை வந்தார். 1893 அக்டோபரில் நான்கு பக்கத்தில், இரண்டணா விலையில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. மிங்கே என்ற பெயர் 'மங்கி' என்று பள்ளியில் விழுந்த வசையின் மிச்சம். அவன் அதைத் தெரியாமல் சுமந்து, பிறகு தெரிந்துகொள்கிறான். சீனிவாசன் தெரிந்தே வசையை எடுத்து முகப்பில் அச்சடித்தார். அயோத்திதாசரோ அந்தப் பெயரையே ஏற்காதவர், பூர்வ பௌத்தர் என்றவர். ஒரே குடும்பத்துக்குள் பெயரைப் பற்றி இரண்டு நிலைகள். நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதை எதிர்த்து இங்கிலாந்துக்கு சீனிவாசன் அனுப்பிய மனுவின் நீளம் 112 அடி. 1896-ல் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்துக்காக நூறு ரூபாய் அபராதம். வேண்டுமானால் எழுதப்படாத அந்த நாவலின் பின்னணிக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஏய்டனின் கதை நடக்கும் அதே 1878-ல், அதே திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்கள்.

'பறையன்' இதழ்கள் இன்று நம் கைக்கு எட்டாதவை. அதில் என்ன எழுதியிருந்தது என்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, சுதேசிப் பத்திரிகைகளை வாசித்துச் சுருக்கி ஆங்கிலத்தில் அரசுக்குக் கொடுத்த ரகசிய அறிக்கைகளின் வழியாகத்தான். கண்காணித்தவனின் கோப்புதான் கண்காணிக்கப்பட்டவனின் நினைவிடம். பிரமூத்யா கற்பனையில் கட்டிய கண்ணாடி வீடு இங்கே ஆவணக் காப்பகத்து அலமாரியில் இருக்கிறது.

எழுதப்படாத அந்த நாவலை என்னிடம் கொடுத்தால், கோழியாளத்தில் ஆரம்பிக்க மாட்டேன். கோட்டையில் ஏதோ ஓர் அறை, சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மேசையில் அன்று வந்த தமிழ்ப் பத்திரிகைகள். நான்கு பக்கத்துத் தாளை எடுத்து விரிக்கிறார். பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். பேனாவை மைக்கூட்டில் தோய்த்தவர் அப்படியே நிற்கிறார். மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லை ஆங்கிலம் முன்பே எடுத்துக்கொண்டு போய் வசவாக்கி வைத்திருக்கிறது.