மறுமொழி கூறாத துணை

கிரேக் கில்லெஸ்பி இயக்கி 2007-இல் வெளிவந்த ‘லார்ஸ் அண்ட் த ரியல் கேர்ள்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம், அதன் கருப்பொருளைக் கேட்டு முகம் சுளிப்போரும் காண வேண்டிய படைப்பாகும். குளிர்மிகு சிற்றூரொன்றில், அண்ணன் வீட்டையொட்டிய கார்க் கொட்டகையில் தனித்து வாழ்பவன் லார்ஸ். அவன் பிறந்தபோதே தாய் இறந்துவிட்டாள். பிறர் தொட்டால் அவனுக்குத் தீப்பட்டாற்போல் வலிக்கிறது. இத்தகையவன் ஆளுயரப் பாலுறவுப் பொம்மையொன்றை இணையத்தின் வழியாக வருவித்து, ‘பியாங்கா’ என்னும் மிஷனரிப் பெண்ணென்று அறிமுகம் செய்கிறான்.

மருத்துவர் ஆலோசனைப்படி குடும்பத்தார் அவன் போக்கிற்கு இணங்குகின்றனர். சபையாரிடையே விவாதம் எழும்போது, இயேசு என்ன செய்திருப்பார் என ஆயர் வினவுகிறார். பியாங்காவுக்கு ஆலயத்தில் இடம் கிடைக்கிறது. அதன்வழி சபை ஏற்றுக்கொள்வது லார்ஸையே.

படத்தின் திருப்புமுனை நுட்பமானது. ஊரார் பியாங்காவுக்குப் பல பணிகளை ஏற்படுத்தி அழைத்துச் செல்கின்றனர். தன்னை விட்டு அவள் வெளியே செல்வதாக லார்ஸ் சினங்கொள்கிறான். தன் விருப்பத்திற்கு மாறான இன்னொரு விருப்பத்தை அவன் எதிர்கொள்வது அங்கேதான்.

ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் ‘ஏற்ற துணை’ என்பதற்குரிய எபிரெயத் தொடர், எதிரே நிற்பவர் என்னும் பொருளையும் தாங்கியுள்ளது. எதிரே நிற்பவர் மறுமொழி கூறுவார், மறுக்கவும் செய்வார். முகம், கூந்தல், கண்ணின் நிறம் அனைத்தையும் வாங்குபவரே தெரிந்தெடுக்கும் சிலிகோன் உருவத்திடம் மறுப்புக்கு இடமில்லை. மார்ட்டின் பூபரின் சொல்லில் கூறின், ‘நீ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘அது’ அமர்ந்துவிடுகிறது. இச்சையைக் கண்டிப்பதோடு நின்றுவிடும் நம் பிரசங்கங்கள் இவ்வாழத்தை எட்டுவதில்லை.

எனினும் படத்தில் ஒரு குறையுண்டு. லார்ஸ் பியாங்காவுக்கு அண்ணன் வீட்டில் தனியறை கேட்டுவிடுவதால், உடலுறவு பற்றிய வினா தவிர்க்கப்படுகிறது. பெண்ணுடலை விருப்பப்படி வடிவமைத்து விற்கும் வாணிபம் பெண்களைப் பார்க்கும் பார்வையை எவ்வாறு உருவாக்குகிறது என்பதைக் குறித்தும் படம் மௌனம் சாதிக்கிறது. கனிவான இக்கதையைக் கொண்டு அவ்வாணிபத்திற்கு நற்சான்று வழங்கலாகாது.

முடிவில் பியாங்கா ‘இறக்கிறாள்’. அடக்க ஆராதனையும் நடைபெறுகிறது. பின்னர் லார்ஸ், உடன் பணிபுரியும் மார்கோவை உலாவ வருமாறு அழைக்கிறான். அவள் மறுத்திருக்கலாம். அதை அறிந்தே கேட்கிறான். அதுவே அவன் பெற்ற நலம்.

படத்தின் தொடக்கத்தில், பொம்மை வருமுன்னரே, அண்ணி காரின் அவன் கதவண்டை வந்து காலையுணவுக்கு அழைக்கிறாள். நம் சபைகளில் அவ்வாறு எவரும் அழைக்காத கதவுகள் எத்தனை என்பதை ஆயர்கள் எண்ணிப் பார்ப்பது நலம்.