ஐம்பது ரூபாய் ஆசான்

1978ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்கு ஐந்தே ஆண்டுகளில் எழுத்தறிவு! நோக்கம் பெரிது, நாம் குறை கூறோம். ஆனால், அந்த 10 கோடிப் பேரின் எதிரே கரும்பலகையருகில் நின்றவனுக்குத் தந்தது என்ன? திங்களுக்கு 50 ரூபாய்! ஊதியம் என்று சொல்லக் கூசி, மதிப்பூதியம் என்றனர். மதிப்பு எவ்வளவு என்பதைத் தொகையே சொல்லிற்று.

பணம் மட்டுமல்ல நமது வழக்கு. ஆறு வயதுச் சிறுவனுக்கு அகரம் கற்பிக்க ஈராண்டுப் பட்டயப் படிப்பு வேண்டும். அதன்மேல் தகுதித் தேர்வும் வேண்டும் என்கிறோம். வேண்டியதுதான். பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு, இரவில் மண்ணெண்ணெய் விளக்கின்முன் வந்தமர்ந்த நாற்பது வயதுத் தாய்க்குக் கற்பிக்க மட்டும் யார் வந்தாலும் போதும் என்று எண்ணியது ஏன்? அவளுக்குக் கல்வி உரிமையல்ல, தானம் என்ற நினைப்பு! தானம் கொடுத்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாமா என்ற பழைய புத்தி!

அவளோ கூலிக் கணக்கை மனத்திலே போடுபவள். மழையறிவாள், மண்ணறிவாள், மகாஜனங்களின் சூதும் அறிவாள். அறியாதது எழுத்து ஒன்றே. அவளிடம், பயிற்சியற்ற இளைஞன் அணிலையும் ஆட்டையும் காட்டிக் கைதட்டச் சொல்கிறான். முதல் நாள் சிரிக்கிறாள்; மூன்றாம் நாள் வருவதில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும். பாயில் ஆள் இருக்காது. மந்தபுத்தி என்று அவளைத்தான் பழிப்பர்!

பிரேசில் நாட்டின் ஆங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில், 1963இல் பாவ்லோ ஃபிரெய்ரே சுமார் 300 உழைப்பாளருக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். அந்த 40 மணியைப் போற்றாதார் இல்லை. அதற்கு முன்பு நடந்ததை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கற்பிக்கப் போனவர்கள் முதலில் கேட்கப் போனார்கள். மக்கள் வாயில் வழங்கும் சொற்களைத் திரட்டிப் பாடமாக்கினார்கள். கூலி, செங்கல் போன்ற சொற்களே அவருடைய முறையில் பாடங்களாயின. முறையைக் கற்பிப்பது எளிது, உரையாடும் மனப்பான்மையை ஆசிரியரிடம் உண்டாக்குவதே அரிது என்று ஃபிரெய்ரே எழுதினார். 1964இல் இராணுவம் ஆட்சியைக் கவர்ந்தது, அவரைச் சிறையிலடைத்தது. செங்கல் என்ற சொல்லுக்குத் துப்பாக்கி அஞ்சியது!

நண்பர்கள் நம்மை மடக்கலாம்: "புதுக்கோட்டையில் அறிவொளித் தொண்டர்கள் காசின்றித்தானே கற்பித்தனர்? பெண்கள் மிதிவண்டியே ஓட்டினரே!" உண்மை. 1991இல் தொடங்கிய அந்த எழுச்சியை வணங்குகிறோம். பாட்டும் தெருக்கூத்தும் ஊர் முழுதும் சூழ்ந்து நின்று தொண்டரைத் தாங்கின. அலை ஓய்ந்தபின் அடுத்த நூலைக் கற்பிக்க ஆள் வேண்டும். அந்த ஆளை வளர்க்க அமைப்பு வேண்டும். அலையில் ஏறி ஆயுள் முழுதும் கல்வி பெற முடியுமா?

2020இன் கல்விக் கொள்கைக்குப் பின், வயது வந்தோர் கல்வி என்ற பெயர் போய், அனைவருக்கும் கல்வி என்ற பெயர் வந்தது. 2022இல் ஒப்புதல் பெற்ற ஐந்தாண்டுத் திட்டம் அடிப்படை எழுத்தறிவோடு நில்லாமல், தொழில் திறன், தொடர் கல்வி என விரிந்தது. இலக்கு 5 கோடிப் பேர், ஒதுக்கீடு 1037.90 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 208 ரூபாய்கூட முழுதாக வரவில்லை! ஆசிரியரோ மீண்டும் தன்னார்வலர். பயிற்சிப் பாடத்தைக் கைப்பேசியிலே காணலாம். காணட்டும், ஆனால் அவர் பாடம் நடத்தும்போது பின்வரிசையில் அமர்ந்து, எங்கே தவறினார் என்று கைப்பேசியா சொல்லும்?

வழியில்லாமல் இல்லை. 1986இன் கல்விக் கொள்கையையொட்டி எழுந்த மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்குத் தொடக்கக் கல்வியோடு, வயது வந்தோருக்குக் கற்பிப்போரைப் பயிற்றும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. அதற்கெனத் தனிப் பிரிவே வகுத்தனர். தோழர்கள் தத்தம் மாவட்ட நிறுவனத்துக்குச் சென்று அந்தப் பிரிவு எந்த அறையில் இருக்கிறது என்று கேளுங்கள். சென்ற ஆண்டு எத்தனை பேர் பயின்றனர், எத்தனை நாள் பயின்றனர், அவர்கள் நடத்திய வகுப்பை எவர் நேரில் கண்டார் என்று கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்கி வாருங்கள்.