கிங்ஸ் கல்லூரியின் ஒன்பது வாசகங்கள்: ஆட்டம் எங்கே தீர்மானமாகிறது?

ஒவ்வொரு டிசம்பர் 24ஆம் தேதியும் ஒரு பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனின் குரலை உலகமே எடை போடுகிறது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தின் கேரல் ஆராதனை, 'ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி' பாடலின் முதல் சரணத்தோடு தொடங்கும். அதைப் பாடுவது ஒரே ஒரு சிறுவன். ஆர்கன் துணை கிடையாது. பாடப்போவது யார் என்று முன்னதாக அறிவிப்பதும் இல்லை. சில பையன்கள் தயாராக நிற்பார்கள். நேரலை தொடங்கும் தருணத்தில் இயக்குநர் கைகாட்டுகிறவன் பாட வேண்டும். பெனால்டி அடிக்கப்போகிற கால்பந்து வீரனுக்குக்கூட பந்தை வைத்துவிட்டு நாலு அடி பின்னால் நடக்க அவகாசம் உண்டு. இவனுக்கு ஒரு மூச்சு இழுக்கத்தான் நேரம். முதல் நாளே பெயரைச் சொல்லியிருந்தால் பையன் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டான், ஆகவே இந்த ஏற்பாட்டில் ஒரு கருணையும் இருக்கிறது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அந்தச் சரணத்தைவிட அடுத்து வருவதுதான் சோதனை. இரண்டாம் சரணத்தை முழுக் குழுவும் பாடும், அதுவும் துணைக் கருவி இல்லாமல். மூன்றாம் சரணத்தில் ஆர்கன் நுழையும், சபையும் சேரும். பையன் சுருதியில் ஒரு மயிரிழை இறங்கியிருந்து குழுவும் அவனைப் பின்தொடர்ந்திருந்தால், ஆர்கனின் முதல் ஒலியிலேயே குட்டு உடைந்துவிடும். இதற்கிடையில் அவர்கள் நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. மேற்குக் கோடியிலிருந்து பவனியாக நடந்துகொண்டே பாடுகிறார்கள். கட்டடம் ஏறத்தாழ 88 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், அகலமோ 12 மீட்டர்தான். கல் விதானத்தில் பட்ட ஒலி பல வினாடிகள் தங்கும். முன்னால் நடப்பவனுக்கும் பின்னால் வருபவனுக்கும் தாளம் ஒன்றாகக் கேட்காது. இந்த எதிரொலியோடு பாடிப் பழகியதால்தான், சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எல்லோரும் ஒரே கணத்தில் வெட்டி முடிக்கும் அந்தக் குழுவின் பாணி உருவானது. பதினாறு சிறுவர்கள், அவர்களோடு கல்லூரி மாணவர்கள். சிறுவர் பதினாறு பேர் என்ற கணக்கு, 1441இல் கல்லூரியை நிறுவிய ஆறாம் ஹென்றி மன்னர் வகுத்த விதியிலேயே உண்டு.

இத்தனையும் அருமைதான். ஆனால் விமர்சகர்களும் ரசிகர்களும் மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்துபோகும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் இந்த ஆராதனையின் வெற்றி தோல்வி தீர்மானமாவதில்லை என்பது என் கட்சி. அது தீர்மானமாவது, பாட்டு நின்று ஒருவர் வேதப்புத்தகத்தின் முன் வந்து நிற்கும் இடத்தில்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. இந்த ஆராதனையை வடிவமைத்த எரிக் மில்னர்-வைட், இதன் பலம் பாடல்களிலிருந்து அல்ல, வாசகங்களிலிருந்தே வருகிறது என்ற கருத்தை எழுதியே வைத்திருக்கிறார். அவர் முதலாம் உலகப்போரில் படைக் குருவாக இருந்தவர். போர்முனையிலிருந்து திரும்பி, 34 வயதில் கிங்ஸ் கல்லூரியின் டீனாகப் பொறுப்பேற்றார். துப்பாக்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11. முதல் ஆராதனை அதே ஆண்டு டிசம்பர் 24. இடையில் ஆறு வாரம். படித்த பையன்கள் பலர் திரும்பி வராத ஒரு கல்லூரியில், வழக்கமான ஜெப ஒழுங்கைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் போதாது என்று அந்த இளம் குரு நினைத்தார். தொடக்கத்தில் சொல்லப்படும் அழைப்பு ஜெபத்தை அவரே எழுதினார். மறு கரையில், இன்னும் பெரிய வெளிச்சத்தில் நம்மோடு சேர்ந்து மகிழ்கிறவர்களை அதில் ஓர் இடத்தில் நினைவுகூர்கிறார். 1918இல் அந்தப் பகுதியைக் கேட்டவர்களில் யாருக்கு யார் முகம் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒன்பது வாசகம் என்ற அமைப்பு மட்டும் அவருடையது அல்ல. 1880 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ட்ரூரோவில், பேராலயம் கட்டி முடியாததால் ஒரு மரக் கொட்டகையில் பிஷப் எட்வர்ட் வைட் பென்சன் இதைத் தொடங்கினார். கடைசி ஊழியனான பாடற்குழுச் சிறுவன் முதல் வாசகத்தைப் படிப்பான். படிப்படியாக ஏறி, ஒன்பதாவதை பிஷப் படிப்பார். கிங்ஸில் அந்தக் கடைசி வாசகம் கல்லூரித் தலைவருடையது. மில்னர்-வைட் செய்தது, அந்த எலும்புக்கூட்டுக்கு உயிர் கொடுத்தது.

வரிசையைப் பாருங்கள். பிள்ளை பிறந்த கதையில் தொடங்கவில்லை. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் தொடங்குகிறது. தோட்டத்து மரங்களுக்குள் ஒளிந்துகொண்ட மனிதனை, நீ எங்கே என்று தேவன் கேட்கும் இடம். அதைப் படிப்பவன் மீசைகூட முளைக்காத சிறுவன். பழைய பாவத்தின் கதையை இன்னும் பெரிதாய் ஒரு தப்பும் செய்திராத குரலில் கேட்பது, ஓர் அனுபவம். எந்த நாடக இயக்குநரும் இதைவிடச் சிறந்த பாத்திரத் தேர்வைச் செய்திருக்க முடியாது. பல ஆண்டுகளில் இதற்கு அடுத்துக் குழு பாடுவது, போரிஸ் ஆர்ட் மெட்டமைத்த 'ஆடம் லே இபவுண்டன்'. பதினைந்தாம் நூற்றாண்டுப் பாட்டு, இரண்டு நிமிடம்கூட வராது. அந்தக் கனியை எடுத்திருக்காவிட்டால் மரியாளுக்குப் பரலோக ராணி என்ற சிறப்பு வந்திருக்காதே என்று அது வேடிக்கையும் பக்தியும் கலந்து நன்றி சொல்கிறது. வாசகம் கேட்ட கேள்விக்குப் பாட்டு சொல்லும் மறுமொழி அது. வாசகத்தைக் கவனிக்காதவருக்கு அது ஒரு இனிய மெட்டு, அவ்வளவே.

பிறகு ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு. பிறகு ஏசாயா இரண்டு முறை: இருளில் நடக்கும் ஜனம் வெளிச்சத்தைக் காண்பது, ஈசாயின் அடிமரத்திலிருந்து துளிர் எழுவது. ஆக, நான்கு வாசகம் பழைய ஏற்பாட்டிலேயே போய்விடும். காபிரியேல் தூதன் வர ஐந்தாவது வரை காத்திருக்க வேண்டும். ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்தில் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. இன்றைய ஒழுங்கில் இரண்டாம் வசனத்தைப் படித்துவிட்டு நேரே ஆறாம் வசனத்துக்குத் தாவுகிறார்கள். இடையில் விட்டுப்போனது, போர்வீரனின் இரத்தம் தோய்ந்த உடுப்பு நெருப்புக்கு இரையாவது பற்றிய பகுதி. போருக்குப் பிறகு பிறந்த ஓர் ஆராதனையில் அந்த வசனத்துக்கு இடமில்லாதது எனக்கு உறுத்துகிறது. வீட்டில் வேதத்தைத் திறந்து வைத்துக் கேட்பவர்கள் அதைத் தாண்ட வேண்டாம்.

கட்டடமும் இதே பாடத்தைத்தான் நடத்துகிறது. சிற்றாலயத்துச் சுவர்களின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் மேலே பழைய ஏற்பாட்டுக் காட்சி, கீழே அதற்கு இணையான புதிய ஏற்பாட்டுக் காட்சி. இரண்டாம் உலகப்போரின்போது அந்தக் கண்ணாடிகளைப் பாதுகாப்புக்காகக் கழற்றி வைத்தார்கள். கண்ணாடியில்லாத குளிர்ந்த கூடத்திலிருந்து ஆராதனை ஒலிபரப்பானது. எதிரிக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்று இடத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பிபிசி வானொலி இதை முதலில் ஒலிபரப்பியது 1928இல். இடையில் 1930 ஒரு வருடம் மட்டுமே விட்டுப்போனது. (தொலைக்காட்சியில் வரும் 'கேரல்ஸ் ஃப்ரம் கிங்ஸ்' வேறு நிகழ்ச்சி. முன்னதாகவே பதிவு செய்வது, அமைப்பும் வேறு. அதைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டதாகச் சொல்லாதீர்கள்.)

இசைப் பக்கம் குறை இல்லையா என்றால், உண்டு. உச்சஸ்தாயியில் சிறுவர்கள் தனி மெட்டில் பறக்கும் டெஸ்கான்ட், இப்போது சடங்காகிவிட்டது; எது எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டீபன் கிளியோபரி 1982இல் பாடற்குழுவின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவர் தொடங்கியபடி, 1983 முதல் ஆண்டுக்கொரு புதிய கேரல் எழுதச் சொல்லும் வழக்கம் தொடர்கிறது. அவற்றில் சில ஒரு முறை கேட்டதோடு சரி. 1990இல் ஆர்வோ பார்ட் எழுதியது அப்படியல்ல. மரியாளுக்கான வாழ்த்தை ஸ்லாவோனிய மொழியில், குதித்தோடும் தாளத்தில், ஒன்றேகால் நிமிடத்தில் முடித்துவிடுகிறார். காபிரியேலின் செய்தியைக் கேட்டு அஞ்சுவதற்குப் பதில் துள்ளுகிற இசை.

இசையும் வேதமும் எந்த அளவுக்கு ஒன்றையொன்று தாங்கும் என்பதற்கு என் சாட்சி, கிங்ஸ் பாடற்குழுவின் முன்னாள் இயக்குநர் டேவிட் வில்காக்ஸ். ஒன்பதாம் வாசகம் யோவான் முதல் அதிகாரம்; ஆதியில் இருந்த வார்த்தை மாம்சமானதைச் சொல்வது. அதற்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அடுத்து வரும் பாட்டு 'ஓ கம் ஆல் யீ ஃபெய்த்ஃபுல்'. 1961இல் வெளியான 'கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்' தொகுப்பில் வில்காக்ஸ் இதன் கடைசிச் சரணத்துக்கு ஆர்கன் துணையை மாற்றி எழுதினார். அது, பிதாவின் வார்த்தை மாம்சத்தில் தோன்றியதைப் பாடும் இடத்துக்கு வரும்போது, எதிர்பார்த்த இணக்கமான கார்டை விட்டுவிட்டு, நெருடும் ஒரு கார்டை முழு ஆர்கனிலும் இறக்குகிறார். ஆலயப் பாடகர்கள் அதை வில்காக்ஸ் கார்டு என்றே சொல்கிறார்கள், அதற்காகவே காத்திருக்கிறார்கள். சிலிர்க்க வைக்கும் உத்தி என்று அதைப் பிரித்துப் பேசுவார்கள். எனக்கு அது யோவானுக்கு எழுதிய உரை. தேவன் மாம்சமாவது எளிதான இணக்கத்தில் சொல்லிவிடக்கூடிய காரியமா? நாலு நிமிடம் முன்பு அந்த வாசகத்தை உள்வாங்கியவருக்குத்தான் அந்தக் கார்டு முழுதாக விழும்.

நம் சிஎஸ்ஐ ஆலயங்களிலும் கேரல் ஆராதனையில் ஒன்பது வாசகம் படிப்பது பரவலான வழக்கம். பாடற்குழு நவம்பரிலேயே ஒத்திகையைத் தொடங்கிவிடும். வாசகர்களுக்கோ, ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்பு வசன எண் எழுதிய துண்டுச் சீட்டு. விளைவு, ஏசாயா ஓடுகிற ஓட்டத்தில் பாடற்குழு தாள் புரட்டிக்கொண்டிருக்கிறது, சபை அடுத்த பாட்டுக்குத் தொண்டையைக் கனைக்கிறது. பாடற்குழுத் தலைவர்களும் குருமார்களும் இந்த ஆண்டு ஒரு மாற்றம் செய்யலாம். வாசகர் ஒன்பது பேரையும் ஒரு மாலை ஒத்திகைக்கு வரவழைத்து, மைக்கின் முன் நிறுத்தி, அவரவர் பகுதியைச் சத்தமாகப் படிக்கச் செய்யுங்கள். முதல் வாசகத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்றிடம் கொடுங்கள். வாசகம் முடிந்ததும் பத்து விநாடி யாரும் பாடாமல் இருங்கள். ஆர்கனிஸ்டிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.