போரின்மேல் போட்ட பழி

சிற்பி மகள் சிவகாமிக்கும் பல்லவப் பட்டத்து இளவரசன் மாமல்லனுக்கும் காதல். அவனுக்கு மனைவியாக வந்து சேர்பவள் ஒரு ராஜகுமாரி. மூவரையும் சுற்றிப் பெரும் போர். 1944-இல் 'கல்கி' இதழில் தொடங்கிய கல்கியின் தொடர்கதை 'சிவகாமியின் சபதம்' இந்த முக்கோணத்தின்மேல்தான் நிற்கிறது. காஞ்சியில் சிவகாமியின் அரங்கேற்றமே வாதாபிப் படையெடுப்புச் செய்தியால் பாதியில் நின்றுபோகிறது. அன்று முதல் அவள் இழப்புகள் எல்லாவற்றுக்கும் போரே காரணமாகிறது. என் குறை இதில்தான். பழியில் பெரும்பங்கு குலத்தைச் சேர வேண்டும்.

ஆனால் போர் இல்லாமல் சிவகாமியே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாதாபியில் சிறைப்பட்ட அவளை மீட்க மாமல்லன் மாறுவேடத்தில் அங்கே வருகிறான். அவள் புறப்பட மறுக்கிறாள். இந்த நகரைத் தீக்கிரையாக்கிவிட்டு வந்து அழைத்துப் போங்கள், அதுவே என் சபதம் என்கிறாள். இதை வெறும் பிடிவாதம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரவோடு இரவாக ஒளிந்து திரும்பினால் அவள் மறுபடியும் ஆயனச் சிற்பியின் மகள்தான். அரண்மனையில் அவளுக்கு என்ன இடம் என்ற கேள்வி அப்படியே இருக்கும். ஒரு பேரரசே படை திரட்டி வந்து மீட்டால் அந்தக் கேள்வியை யார் எழுப்ப முடியும்? பட்டத்தரசிக்குச் செய்வதை எனக்கும் செய் என்று கேட்கிறாள் அவள். பிறப்பு தராத தகுதியைச் சபதத்தால் பெறப் பார்க்கும் இந்தப் பெண்ணைப் படைத்ததற்காகவே கல்கியைக் கொண்டாடலாம்.

மாமல்லன் பக்கம் வரும்போது எழுத்து தயங்குகிறது. அவன் தந்தை மகேந்திர பல்லவருக்கு இந்தக் காதலில் விருப்பமில்லை என்பது நமக்கு முன்பே தெரியும். ஆனாலும் திருமணம் நடப்பது நோயுற்ற தந்தையின் வேண்டுகோளாக, பாண்டியர் துணை வேண்டிய அரசியல் தேவையாக. சிற்பி மகள் அரசியாகக் கூடாதா என்று மாமல்லன் சபையில் வாதாட ஒரு காட்சியும் இல்லை. பாண்டிய இளவரசி வானமாதேவியோ நல்லவளாக வந்து நல்லவளாகவே இருக்கிறாள். அவளுக்கும் ஒரு வேதனை இருந்திருக்கும். அதற்குள் கதை ஆழமாக இறங்கவில்லை. மூன்றாவது கோணம் வெறுமையாக இருப்பதால் மாமல்லனின் மனப்போராட்டமும் மெலிகிறது.

கடைசியில் வாதாபி எரிகிறது. 642-ஐ ஒட்டி அந்த நகரைப் பல்லவர் கைப்பற்றியது வரலாறு. சிவகாமியோ முழுக்கக் கற்பனை. அவள் முடிவைக் கல்கி எப்படியும் எழுதியிருக்கலாம். மாமல்லனுக்கு மனைவியும் குழந்தைகளும் உண்டென்று காஞ்சி திரும்பிய பிறகே அறியும் அவள், இறைவன் ஏகாம்பரநாதரைக் கணவனாக வரித்து சந்நிதியில் ஆடுகிறாள். அந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் என்னைக் கலங்க வைக்கிறது. ஆயினும், அரசன் சொல்ல வேண்டிய பதிலை இறைவனிடம் தள்ளிவிட்ட முடிவு அது.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னிலும் இதுவே வேறு வடிவில் நடக்கிறது. ஓடக்காரப் பெண் பூங்குழலி பூக்கட்டும் சேந்தன் அமுதனை மணக்கிறாள். அவன் சோழ அரசி செம்பியன் மாதேவியின் மகன் என்று தெரியவந்து அவள் அரசியாகிறாள். அங்கே பிறப்பின் ரகசியம், இங்கே கோயில். இரண்டிலும் குலத்தின் கோடு அழியாமல் தப்பிவிடுகிறது. வாதாபியில் சிவகாமிக்குக் கொடுத்த துணிவில் பாதியையாவது கல்கி காஞ்சியில் மாமல்லனுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.