தானே சுழலும் தெப்பம்

சென்னையைச் சுற்றியுள்ள எந்தத் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனாலும் ஒரு காட்சி தப்பாது. வட்டமான ராஃப்ட் சவாரியின் வாசலில் குடும்பம் இரண்டாகப் பிரியும். பிள்ளைகள் வரிசைக்கு ஓடுவார்கள். மாம்பலத்திலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும் வந்த பெரியவர்கள் பைகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நாங்க சாமானைப் பாத்துக்கறோம்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழுக் கட்டணம் கொடுத்து உள்ளே வந்து, அங்கிருப்பதிலேயே உயர்ந்த அனுபவத்துக்குப் பத்தடி தள்ளி, துண்டுக்கும் செருப்புக்கும் காவல் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் அடிப்படைகள். தெப்ப சவாரி இரண்டு வகை. ஒன்று ஆற்று வகை: பம்புகள் தண்ணீரை மேலே ஏற்ற, அது வெட்டிய வாய்க்காலில் பாறைகளுக்கு நடுவே பாய்ந்து இறங்கும், காற்றடைத்த வளையம் சூழ்ந்த வட்டத் தெப்பம் அதில் மிதந்து வரும். 1980இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், அஸ்ட்ரோவேர்ல்ட் பூங்காவில், இன்டமின் நிறுவனம் அமைத்த 'தண்டர் ரிவர்' இவ்வகையில் முதலாவது. நம்மவர்களுக்குப் பழக்கமானது சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் இருக்கும் ஜுராசிக் பார்க் சவாரி. இரண்டாவது சறுக்கு வகை: மேடையிலிருந்து ரப்பர் தெப்பத்தில் நாலு பேர் உட்கார்ந்து குழாய்க்குள் இறங்குவது. நம் ஊர்ப் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். ஜீன்ஸ் வேண்டாம், ஈரம் சுமக்கும். கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது. அடிப்படை இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். தெப்பம் ஏன் சுழல்கிறது?

தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் இரண்டு கையிலும் பெரிய பைகளோடு நடந்திருக்கிறீர்களா? தெரு நடுவில் கூட்டம் வேகமாக ஓடும். கடை ஓரத்தில் ஆட்கள் நின்று துணி பார்ப்பார்கள். உங்கள் வலது பை நடுக்கூட்டத்தில் மாட்டி முன்னால் இழுக்கும். இடது பை ஓரத்தில் தேங்கும். உங்களை யாரும் திருப்பவில்லை, ஆனாலும் திரும்பிவிடுவீர்கள். வாய்க்காலிலும் இதேதான். தண்ணீர் நடுவில் விரையும், சுவரோரம் மெதுவாகப் போகும். தெப்பத்தின் ஒரு விளிம்பு வேகத்திலும் மறு விளிம்பு மந்தத்திலும் இருக்கும்போது அது திரும்பியே ஆகவேண்டும். சுவரில் உரசினால் இன்னொரு திருப்பம் சேரும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பக்கெட் தண்ணீரில் காபி டபராவை மிதக்கவிட்டு, குழாய்த் தண்ணீர் அதன் விளிம்புக்கு வெளியே ஓரமாக விழும்படி திறந்துவிடுங்கள். டபரா மெல்லச் சுற்ற ஆரம்பிக்கலாம்.

இங்கேதான் எல்லோரும் தவறவிடும் வித்தியாசம் இருக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தோம். சுழன்றது தன்வினை. சுழற்றியது பிறவினை. உலகத்தில் உள்ள சுற்றும் சவாரிகள் அத்தனையையும் இந்த இரண்டு பெட்டியில் போட்டுவிடலாம். போட்டுப் பார்த்தால் முதல் பெட்டியில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது.

தீவுத்திடல் பொருட்காட்சியில் கப் அண்ட் சாசர்: மோட்டார் சுழற்றுகிறது, பிறவினை. ஜயன்ட் வீல், பிறவினை. பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மனிதர் கையால் தள்ளிவிடும் குடை ராட்டினம் எனக்கு மிகப் பிரியமானது, அதுவும் பிறவினை. மூன்றாவது சுற்றில் என்ன நடக்கும் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். உடம்பு அந்தச் சந்தத்தைப் பிடித்துக்கொண்டபின் மிஞ்சுவது தலைசுற்றல் மட்டும்தான்.

தன்வினைச் சுழற்சியில் அப்படி இல்லை. தெப்பம் கால் சுற்று சுற்றி நின்றுவிடும். நிற்குமா என்று யோசிப்பதற்குள் எதிர்ப்பக்கம் திரும்பும். பிறகு ஒரு நீண்ட, சோம்பலான முழுச் சுற்று. அடுத்த அலை யார் முதுகில் விழும் என்பது தெப்பத்துக்கே தெரியாது. ஒரே ஆட்கள் ஒரே இருக்கையில் இரண்டாம் முறை உட்கார்ந்தாலும் முதல் முறை நடந்தது திரும்ப நடக்காது.

"பரிசல்?" என்று கேட்பீர்கள். ஒகேனக்கலில் மூங்கில் பின்னிய அந்த வட்டப் படகுதான் நம் மண்ணின் சுழலும் தெப்பம். எந்தப் பூங்காத் தெப்பத்துக்கும் அது மூத்தது. ஆனால் அங்கேயும் எல்லோரும் கொண்டாடுவது தவறான தருணத்தை. அருவிக்குக் கீழே அகன்ற நீரில் பரிசல் ஓட்டி துடுப்பால் வளைத்து வளைத்துச் சுற்றிக் காட்டுவாரே, பெண்கள் கூச்சலிட, பையன்கள் வீடியோ எடுக்க, அது பிறவினை. அவர் கைத்திறனை வணங்குகிறேன். சுழற்சி மட்டும் அவருடையது, காவிரியுடையது அன்று. ஒருமுறை அமைதியான இடம் பார்த்து, "கொஞ்ச நேரம் துடுப்பை மடியில வெச்சுக்கறீங்களாண்ணா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வைத்தார். இரு பக்கமும் பாறைச் சுவர். பரிசல் தயங்கித் தயங்கி, தூக்கத்தில் புரண்டு படுக்கும் குழந்தை மாதிரி, பாதி திரும்பி நின்றது. அந்தப் பாதித் திருப்பத்துக்காக நான் ஒகேனக்கலுக்கு இன்னும் பத்து முறை போவேன்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே நிற்கும் சவாரிகளும் உண்டு. கலிஃபோர்னியா டிஸ்னியில் 2001இல் வந்த 'கிரிஸ்லி ரிவர் ரன்' சவாரியில், சரிவில் விழும்போது தெப்பம் சுழல வேண்டும் என்று திட்டமிட்டே அமைத்திருக்கிறார்கள். சுழற்றுவது தண்ணீரும் சரிவும். சுழலச் சொன்னது பொறியாளர். எந்தப் பெட்டியில் போடுவது? என் அளவுகோல் இது: எங்கே, எப்போது சுழலும் என்று கரையில் நிற்பவர் முன்கூட்டியே சொல்ல முடிந்தால் பிறவினை. ஆகவே அந்தச் சரிவு பிறவினை. அதற்கு முன்னே வரும் ஆற்றுப் பகுதி தன்வினை. ஒரே சவாரிக்குள் இரண்டும் இருக்கலாம். நம் ஊர்ச் சறுக்குகளில் மேடையில் நிற்கும் பையன் தெப்பத்தை ஒரு சுற்றுச் சுற்றித்தான் தள்ளுவான். அவனிடம் தவறாமல் சொல்லுங்கள்: "சுத்தி விடாதே தம்பி, சும்மா தள்ளி விடு." இரண்டாவது வளைவில் தெப்பம் தானாகத் திரும்பும்போது நான் சொல்வது விளங்கும்.

இதெல்லாம் யூடியூபில் பூங்கா விமர்சனம் செய்பவர்கள் கண்ணில் படுவதே இல்லை. எத்தனை அடி உயரம், எத்தனை கிலோமீட்டர் வேகம், பத்துக்கு எத்தனை மதிப்பெண், முடிந்தது. 2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறந்ததிலிருந்து அடையாறில் யாரைப் பார்த்தாலும் தஞ்சோரா ரோலர் கோஸ்டர் பற்றியே பேச்சு. நல்ல கோஸ்டர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்டவாளத்தில் ஓடுவதற்குத் தன் இஷ்டம் என்று ஒன்று கிடையாது. காலையில் போனவருக்கும் மாலையில் போனவருக்கும் அதே வளைவு, அதே அலறல். உயரத்தை அளந்து ரசனையைச் சொல்வது, எடையைப் பார்த்து வீணை வாங்குவது போல.

அதைவிட மேலோட்டமானது பிளாஸ்டிக் உறையைத் தலை முதல் கால் வரை மாட்டிக்கொண்டு தெப்பத்தில் ஏறுவது. நனையக் கூடாதென்றால் மயிலாப்பூரில் தைப்பூசத்தையொட்டி மூன்று நாள் தெப்பம் விடுகிறார்கள். கபாலீசுவரர் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாருங்கள். கயிறு கட்டி இழுக்கும் அந்தத் தெப்பத்தின் அழகு அதன் நிதானத்தில் இருக்கிறது. இந்தத் தெப்பத்தின் அழகு அதற்கு நேர்மாறு.

பயம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 2016 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் டிரீம்வேர்ல்ட் பூங்காவில், ஆற்று வகைத் தெப்ப சவாரி ஒன்றில் பம்பு நின்று நீர்மட்டம் இறங்கியது. ஒரு தெப்பம் வழியில் தட்டி நின்றது. பின்னால் வந்தது அதில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். தெப்பத்தைத் தாங்குவது தண்ணீர்; தண்ணீர் குறைந்தால் சவாரியை உடனே நிறுத்தியாக வேண்டும். முன் தெப்பம் விலகிப் போகும் முன்னே அடுத்ததை அனுப்பும் இடத்தில் ஏறாதீர்கள். பெல்ட் இருந்தால் போடுங்கள், நடுவில் எழுந்து நிற்காதீர்கள். காவிரியில் நீர்வரத்து அதிகரித்தால் ஒகேனக்கலில் பரிசலுக்குத் தடை போடுகிறார்களே, அது சரியான மரியாதை.

ஏறியபின் என்ன செய்வது? அலையைப் பார்க்காதீர்கள். ஆற்றுத் தெப்பத்தில் எல்லோரும் நடுவைப் பார்த்து வட்டமாக உட்கார்ந்திருப்பீர்கள். எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் வருவது அவர் கண்ணில் முதலில் தெரியும். அவர் புருவம் உயர்ந்தால் உங்களுக்கு அரை நொடி இருக்கிறது. அந்த அரை நொடியில் தெப்பம் திரும்பிவிடலாம், அலை அவர் தலையிலேயே விழலாம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அப்பா. அவர் தீர்மானிக்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. நான் படிக்கவேண்டிய படிப்பு, அக்கா கல்யாணத்து மெனு, எந்தப் பல்லவனில் ஏறுவது, எல்லாம் அவர்தான். சிங்கப்பூரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது அந்த ஜுராசிக் தெப்பத்தில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஏறும்போதே, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நனைய மாட்டோம் என்று கணக்குப் போட்டு எங்களை இடம் மாற்றி உட்கார வைத்தார். முதல் வளைவிலேயே தெப்பம் அரைச் சுற்றுத் திரும்பி, ஒரு குடம் தண்ணீர் அவர் மடியில் விழுந்தது. யாரைக் கோபிப்பது? யாரும் எதுவும் செய்யவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி. கடைசிச் சரிவில் அவர் பின்பக்கமாக விழ வேண்டியதாயிற்று, அதற்கும் சிரித்தார். அப்பாவை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தன்வினை, பிறவினை என்று நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் உண்மையான காரணம் அதுதான். கப் அண்ட் சாசரில் அவர் சிரித்திருக்க மாட்டார். மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருப்பார்.

அடுத்த முறை பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பைக்கு லாக்கர் இருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிப்பவர் யாரோ, அவரை அழைத்துப் போய் உங்களுக்கு நேர் எதிரே உட்கார வையுங்கள்.