உடுத்தியவரும் உடுத்துவித்தவரும்

இரும்புலியூரில் பெருஞ்சாலையை அடுத்துக் குடியிருப்போருக்கு, சாலையில் செல்வோரின் ஆடை நிறமே மாதத்தை அறிவித்துவிடும். ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் காவியுடுத்திய வேளாங்கண்ணித் திருப்பயணிகள் தெற்கு நோக்கி நடப்பர். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலையிட்டோரின் கறுப்பும் நீலமும் தாம்பரம் நிலையத்தை நிறைக்கும். மார்கழியிலும் தையிலும் மேல்மருவத்தூர் செல்லும் பேருந்துகள் செந்நிறம் சுமந்து கடந்து போகும். ஒரே சாலை; ஒரே வெயில்; நிறங்கள் மட்டும் மாறி மாறி வருகின்றன.

இந்நிறங்களுக்குப் பொருள் யாது? வார இதழ்களின் இணைப்புகளும் துணிக்கடை விளம்பரங்களும் இதற்கு எளிதாக விடை தருகின்றன. சிவப்பு வீரம், பச்சை வளம், மஞ்சள் மங்கலம், கறுப்பு துக்கம், வெள்ளை தூய்மை எனப் பட்டியலிட்டு முடித்துவிடுகின்றன. நம் மறைக்கல்வி வகுப்புகளும் சில வேளைகளில் இவ்வாறே கற்பிக்கின்றன. இத்தகைய பட்டியலைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு நாளின் நினைவு எழுகிறது.

என் பெரியப்பாவின் அடக்கத் திருப்பலியில் குருவானவர் வெண்ணிறத் திருவுடை அணிந்திருந்தார். இது உயிர்ப்பின் நிறம் என்று மறையுரையில் அழகுற விளக்கினார். அன்று மாலையே, வீட்டு முற்றத்தில் பெரியம்மாவைப் பலகையில் அமர்த்தி, பிறந்த வீட்டார் கொண்டுவந்த வெள்ளைக் கோடியை அவர் தலைமீது போர்த்தினார்கள். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. காலையில் வாழ்வு தொடர்கிறது என்று சொன்ன அதே நிறம், மாலையில் வாழ்வு முடிந்தது என்று சொல்லிற்று. பட்டியல் போடுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

பழந்தமிழில் வெண்மை

வெண்மை கைம்மைக்கே உரியது என்பது தமிழர் தொன்மரபு எனக் கருதுவோர் உளர். அவர்கள் புறநானூற்றைச் சற்றே திறந்து பார்த்தல் நன்று. அதன் 279-ஆம் பாடலைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர். முன்னாள் போரில் தன் குடும்பத்து ஆடவன் ஒருவனையும், நேற்றைய போரில் கணவனையும் இழந்த மறக்குடிப் பெண் ஒருத்தியை அவர் நம் முன் நிறுத்துகிறார். இன்று மீண்டும் போர்ப்பறை ஒலிக்கிறது. அவளுக்கு இருப்பவன் ஒரே மகன். அவன் கையில் வேலைக் கொடுத்து, வெள்ளாடையை விரித்து உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவிப் போர்முனைக்கு அனுப்புகிறாள். நேற்றுத்தான் கைம்மை எய்தியவள் இன்று வெள்ளாடையை எடுக்கிறாள். அது அவளுக்கன்று, போருக்குச் செல்லும் மகனுக்கு. அங்கு வெண்மை மறத்தின் நிறம்.

கைம்மையின் துயரைப் பேசும் பாடல்களுள் தலையாயது பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246-ஆம் பாடல். நெய் தீண்டாத உணவும், எள் துவையலும், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரையும், பாயின்றிப் பரற்கல்மீது படுக்கையும் அங்குச் சொல்லப்படுகின்றன. அத்துன்பங்களுக்கு ஆளாகும் பெண்டிருள் ஒருத்தி அல்லள் தான் என்று அரசி சான்றோரை நோக்கிக் கூறுகிறாள். அத்துணைக் கடுமைகளுள்ளும் ஆடையின் நிறம் இடம்பெறவில்லை. இரு பாடல்களைக் கொண்டு முழு வரலாற்றையும் அளந்துவிட இயலாதுதான். ஆயினும், வெண்மைக்கு என்றென்றும் ஒரே பொருள் என்னும் கூற்றை அசைக்க இவ்விரண்டும் போதும்.

சாயத்தின் விலை

அப்படியாயின் வெண்மை எவ்வாறு கைம்மையோடு பிணைந்தது? நிறம் ஏற்றாத பருத்தித் துணி வெண்மை சார்ந்தது. அதற்கு நிறமேற்றப் பொருளும் உழைப்பும் வேண்டும். சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சிவப்பு சாயவேரிலிருந்து பிறந்தது. கரையோர மணற்பாங்கில் வளரும் அச்சிறு செடியின் மெல்லிய வேரைத் தோண்டி உலர்த்தி இடித்து, படிகாரம் ஏற்றிய துணியோடு நீரில் கொதிக்க வைப்பர். படிகாரம் இல்லையேல் சிவப்பு துணியில் நிலைக்காது. நீலத்திற்கு அவுரி. அதன் இலையைத் தொட்டியில் ஊறவைத்து, புளித்த நீரை ஆட்கள் இறங்கி அடித்துக் கலக்க, அடியில் படியும் வண்டலே நீலக் கட்டியாகும். இவ்வண்ணத் துணிகளின் அழகு ஐரோப்பிய நெசவாளரை அச்சுறுத்தியது. பிரான்சு 1686 முதல் 1759 வரை இந்திய வண்ணத் துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1721-இல் கடுமையான தடைச் சட்டம் இயற்றியது.

நிறம் செல்வமாக இருந்த காலத்தில், நிறமின்மை எளிமையின் அடையாளமாயிற்று. குடும்பத்தின் இன்பத்திலும் செல்வத்திலும் இனிப் பங்கற்றவள் என்று ஒதுக்கப்பட்டவளுக்குச் சாயம் காணாத துணியைத் தந்தது, அக்காலப் பொருளியலோடு ஒத்துப்போன கொடுமை என்பது என் கருத்து.

1856-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், கொய்னா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்ற பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின், தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டறிந்தார். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரி வயல்கள் சுருங்கின. சாயவேர் தோண்டுவோர் வேறு தொழில் நாடினர். நிறம் மலிந்தது. ஏழையின் புடவையும் வாடாமல்லியாகவும் கிளிப்பச்சையாகவும் மலர்ந்தது. வண்ணப் புடவைக்கும் வெள்ளைப் புடவைக்கும் இடையே இருந்த பெரிய விலை வேற்றுமை மறைந்தது. ஆனால் கைம்பெண்ணின் வெள்ளை மட்டும் மாறவில்லை. காரணம் போயிற்று, கட்டளை எஞ்சி நின்றது.

மணமகளின் வெண்மைக்கும் இவ்வாறே ஒரு வரலாறு உண்டு. நம் பங்குகளில் வெண்பட்டும் மெல்லிய முக்காடுமே கிறிஸ்தவ மணக்கோலம் என்று எண்ணுவோர் பலர். திருச்சபை மணமகளின் ஆடைக்கு எந்நிறத்தையும் விதிக்கவில்லை. ஐரோப்பாவிலேயே மணப்பெண்கள் தம்மிடமிருந்த சிறந்த ஆடையை, அது எந்நிறமாயினும், உடுத்தி வந்தனர். 1840 பிப்ரவரி 10-ஆம் நாள் விக்டோரியா அரசி வெண்ணிற ஆடையில் மணமேடை ஏறிய பின்னரே அவ்வழக்கம் பரவலாயிற்று. எளிதில் அழுக்கேறும் வெள்ளாடையைப் பேணுவதற்குப் பணிப்பெண்களும் பணமும் வேண்டும். ஆகவே அங்கு வெண்மை செல்வத்தின் அறிவிப்பு. ஒரு வெண்மை இல்லாமையிலிருந்து வந்தது. மற்றொன்று செழுமையிலிருந்து வந்தது. இரண்டும் இன்று ஒரே ஆலயத்தில், தாயின் மீதும் மகளின் மீதுமாகச் சந்திக்கின்றன.

கேட்கவேண்டிய கேள்வி

ஆகவே, இந்நிறத்தின் பொருள் என்ன என்று கேட்பது பயனற்றது. இதனை உடுத்தியவர் தாமே தேர்ந்தாரா, பிறர் உடுத்துவித்தாரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். உயர்குலத்தாரின் மதிப்பை நாடிய கோலம் அது என்னும் திறனாய்வு இன்றளவும் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அது அவரே தேர்ந்த நிறம். 1948-இல் அன்னை தெரசா நீலக்கரையிட்ட எளிய வெள்ளைப் புடவையைத் தேர்ந்தார். கைம்பெண்ணின் துணியோடு உறவுடைய அவ்வெண்மை, அவர் தோளில் ஏழையரோடு ஒன்றித்தலைக் குறித்தது. தம் சபையினரின் புடவைகளைத் தொழுநோயுற்றோரைக் கொண்டே டிட்டாகரில் நெய்வித்தார். நம்மோடு கடவுட்கொள்கையில் முரண்பட்ட பெரியாரும் இங்கு நினைக்கத்தக்கவர். துக்கத்தின் நிறம் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பை 1945-இல் அவர் தம் தொண்டர்களுக்குச் சீருடையாக்கினார். சமூகம் தம் மீது சுமத்திய இழிவை அவர்கள் மறைக்கவில்லை. அதையே போராட்டத்தின் கொடியாக்கினர்.

இனி, மறுபுறத்தைக் காண்போம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் சட்டை அணியலாகாது, பெண்டிர் மேலாடை அணியலாகாது என்பவற்றோடு, பெண்கள் பூச்சூடுவதும் மஞ்சள் பூசுவதும் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. மலரின் நிறத்தையும் மஞ்சளின் நிறத்தையும் கூட ஒருவருக்கு மறுக்க முடியும் என்று அதிகாரம் எண்ணிய காலம் நெடுந்தொலைவில் இல்லை. கைம்பெண்ணுக்குப் பூவும் மஞ்சளும் மறுக்கப்படுவதும் இதே நோயின் மற்றொரு முகமன்றோ?

இயேசுவின் பாடுகளிலும் ஒரு நிறம் வருகிறது. படைவீரர்கள் அவருக்குச் செந்நிற ஆடையைப் போர்த்தி, முள்முடி சூட்டி, மண்டியிட்டு எள்ளி நகைத்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அரசரின் நிறமே அது. அரண்மனையில் பெருமை தரும் அந்நிறம், அங்கே இகழ்ச்சிக் கருவியாயிற்று. வேண்டாதவர் மீது பிறர் கை போர்த்தும்போது அரச நிறமும் அவமானமாகும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. சிலுவைக்குக் கொண்டுபோகுமுன் அவருடைய சொந்த ஆடையை மீண்டும் உடுத்தினார்கள் என்பதையும் நற்செய்தியாளர் குறிக்கத் தவறவில்லை.

திருமுழுக்கில் குழந்தைக்கு வெள்ளாடையைப் போர்த்துவதும் பிறரே அல்லரோ என்று சிலர் வினவலாம். நேரிய கேள்விதான். ஆனால் அந்த ஆடை குழந்தையை ஒரு குடும்பத்துள் அழைத்துச் சேர்க்கிறது. கோடியோ ஒரு பெண்ணைக் குடும்ப மகிழ்ச்சிகளிலிருந்து வெளியே நிறுத்துகிறது. கதவைத் திறக்கும் கையும் கதவை அடைக்கும் கையும் ஒன்றாகா.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டின் 81-ஆம் எண், அடக்கச் சடங்கு கிறிஸ்தவ இறப்பின் பாஸ்காத் தன்மையைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்றும், திருவுடையின் நிறத்திற்கும் இது பொருந்தும் என்றும் பணித்தது. அதனாற்றான் பீடத்தில் கறுப்பு விலகி வெண்மையும் ஊதாவும் வந்தன. பீடத்தின் நிறத்தை மாற்றிக்கொண்ட நாம், முற்றத்தில் நிகழும் சடங்கை மாற்றிக்கொள்ளவில்லை. குருவானவர் கல்லறையிலிருந்து திரும்பிய பின்னர் நடப்பதைக் குடும்ப வழக்கம் என்று சொல்லி விலகி நிற்கிறோம். உயிர்ப்பை அறிக்கையிடும் சமூகம் அதே நாளில் உயிரோடிருப்பவளுக்கு வாழ்வு முடிந்தது என்று தீர்ப்பிடுவது எவ்வாறு பொருந்தும்?

வெண்மையை விரும்பியே அணியும் கைம்பெண்களும் உளர் என்பதை மறப்பதற்கில்லை. கணவரின் நினைவாக, அல்லது மன அமைதிக்காக, அவர்கள் அதைத் தேர்ந்திருக்கலாம். அவர்களை இடித்துரைத்து வண்ணம் உடுத்தச் செய்வதும் மற்றோர் ஆதிக்கமே. நாம் வேண்டுவது நிறமாற்றமன்று, தேர்வுரிமை.

என் பெரியம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் வெள்ளையும் சாம்பலுமாகவே உடுத்தினார். தம் மகளின் திருமணத்தன்று மணமகளும் வெண்மை, அவரும் வெண்மை. நிழற்படம் எடுக்கும்போது அவர் தூண் மறைவுக்குச் சென்றுவிட்டதை நான் கண்டேன். பின்னொரு நாள், பேத்தியின் புதுநன்மைக்குப் புடவை எடுக்க என்னை அழைத்துக்கொண்டு தாம்பரம் கடைவீதிக்கு வந்தார். அவர் நெற்றியைப் பார்த்த கடைப்பையன் வழக்கம்போல் வெளிறிய புடவைகளாக எடுத்துப் போட்டான். பெரியம்மா அவற்றை மெல்ல ஒதுக்கிவிட்டு, “மயில்கழுத்து நிறத்துல இருந்தா காட்டுப்பா” என்றார்.

புதுநன்மை நாளில் ஆலய வாசலில் ஓர் அம்மையார், “இந்த வயசுல இதெல்லாம் வேணுமா?” என்று கேட்டார். பெரியம்மா கோபப்படவில்லை. “அவர் போனது எனக்குத் தெரியும் அக்கா. அதைத் தினமும் ஊருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே சென்று முன்வரிசையில் அமர்ந்தார்.

நம் அன்பியங்களில் அடுத்து ஓர் அடக்கம் நிகழும்போது, கோடி கொண்டு வருவோரிடம் யாரேனும் ஒருவர் ஒரு சொல் சொல்லலாம்: “அந்த அம்மாவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று முதலில் கேட்போமா?”