வள்ளியின் நிறம்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று கணக்கு. ஏறிவிட்டேன் (நடுவில் நாலு தடவை உட்கார்ந்ததை மறைப்பானேன்). இறங்கியதும் அடிவாரத்துப் படக்கடையில் ஒரு சந்தேகம். முருகனுக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. வள்ளி தினைப்புனம் காத்த குறத்தி, மரபுப்படி கறுப்பு. தெய்வானை இந்திரன் மகள், சிவப்பு. கடையில் தொங்கிய புதுப் படங்களில் இரண்டு பேரும் ஒரே ரோஜா நிறம்.

"இதுல வள்ளி யாருங்க?"

"நிக்கிற பக்கத்தை வெச்சுத்தான் சார் கண்டுபிடிக்கணும்."

பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு அம்மாவும் கல்யாண வயதில் பெண்ணும். பெண்ணின் கன்னங்களில் மங்கு. "அதே டியூப் குடுங்கண்ணா." சீட்டு கேட்கவில்லை, கொடுத்துவிட்டார். கன்னத்தைக் கவனித்தேன். சிவப்பாக நூல் நூலாய் நரம்புகள், பொடிப் பருக்கள். "நிறுத்தினா எரியுதுங்க, அதான் விடாம போடறா" என்றார் அம்மா.

இங்கே 1975-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த வருஷம்தான் 'ஃபேர் அண்ட் லவ்லி' விற்பனைக்கு வந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் க்ளிக்மன் என்கிற தோல் மருத்துவர், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து மங்குக்கு மருந்து சொன்னார். அதே வருஷம் 'அபூர்வ ராகங்க'ளில் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு கறுப்பு மனிதர் தமிழ் சினிமாவுக்குள் வந்தார்.

கறுப்பு ஜெயித்ததா? 32 வருஷம் கழித்து 2007-ல் 'சிவாஜி' வந்தது. அதில் ரஜினி சிவப்பாக ஆசைப்பட்டு எதை எதையோ பூசிக்கொள்கிறார். ஒரு பாட்டில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் தோல் நிறத்தைக் கம்ப்யூட்டரில் அவர் மேல் போர்த்தினார்கள். தொழில்நுட்பம் அபாரம். அதே படத்தில் இரண்டு பெண்களுக்குக் கறுப்பு மேக்கப் போட்டு, பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவையைச் சூட்டிக் கேலி செய்தார்கள். தியேட்டரே சிரித்தது; நானும்தான். தமிழ் சினிமாவில் கறுப்பையே மூலதனமாக்கி ஜெயித்த ஒரே சூப்பர் ஸ்டாரை வைத்து இந்த ஜோக்கைச் செய்தது, ஷங்கரின் அத்தனை பிரமாண்டத்துக்கும் நடுவே சின்ன புத்தி. ஜோக் தியேட்டரோடு நிற்பதில்லை. மெடிக்கல் ஷாப் வரைக்கும் வருகிறது.

மங்கு அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், உற்பத்திதான் வேறு. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை இவை சில இடங்களில் உற்பத்தியை முடுக்கிவிடும். க்ளிக்மன் வகைக் கலவை அதைக் குறைக்கும், நிஜம். ஆனால் அமெரிக்காவில் 2002-ல் அனுமதி பெற்ற கலவைக்கே கெடு எட்டு வாரம். இங்கே அதைவிட வீரியமான ஸ்டீராய்டு கலந்த டியூபை வருஷக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும். 2011-ல் வெளியான இந்திய ஆய்வில், முகத் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு ஆணை போட்டது. சீட்டு கேட்காத கடையை மேலே பார்த்தீர்கள். 2020-ல் 'ஃபேர்' என்ற சொல் 'க்ளோ' ஆனது. டப்பாவில் பெயரை மாற்றுவது சுலபம்.

அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "திடீர்னு நிறுத்தாதீங்க, மொதல்ல தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் படிப்படியா விடுவிப்பார்."

"அதுக்கப்புறம் எந்த க்ரீம் சார் போடறது?"

"சன்ஸ்க்ரீன். அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த, லேசா நிறம் உள்ளதா இருந்தா மங்குக்கு இன்னும் நல்லது. அப்புறம் ஒரு குடை."

பெண் முதல் முறையாகச் சிரித்தாள். "குடை பிடிச்சா சிவப்பாயிடுவேனா?"

"மாட்டே. மங்கு குறையும். உன் நிறம் உனக்குத் திரும்பி வரும்."

அம்மாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. பெண்ணுக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். டியூபை அம்மா கைப்பையில் போட்டுக்கொண்டார்.